முதுகு உடைந்தவர்களை எழுந்து உட்கார வைத்த டாக்டர்: யார் இந்த லுட்விக் குட்மன்?

1917. ஜெர்மனியில் ஒரு விபத்து மருத்துவமனை. நிலக்கரிச் சுரங்கத்தில் முதுகு உடைந்த ஒரு இளம் தொழிலாளியைத் தூக்கி வந்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. அங்கே உதவியாளராக இருந்த பதின்வயதுப் பையன் லுட்விக் குட்மன், வந்தவரைப் பற்றிக் குறிப்பெடுக்க ஆரம்பித்தார். ரொம்ப மெனக்கெட வேண்டாம், சில வாரங்களில் ஆள் போய்விடுவார் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அப்படியே நடந்தது. ஐந்தே வாரத்தில் அந்தத் தொழிலாளி இறந்துபோனார்.

தண்டுவடத்தில் அடிபட்ட பெரும்பாலானோருக்கு அன்று இதுதான் கதி. இத்தனைக்கும், உயிரைப் பறித்தது உடைந்த எலும்பு இல்லை. அசையாமல் கிடப்பதால் வரும் படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று, அதிலிருந்து ரத்தத்தில் பரவும் நஞ்சு. எல்லாமே தடுக்கக் கூடியவை. ஆனா, தடுக்க யாரும் முயலவில்லை.

64 பேரில் 60 பேர்

1899-ல் யூதக் குடும்பத்தில் பிறந்த குட்மன், பிரெஸ்லாவ் நகரில் (இன்று போலந்தில் உள்ளது) பெயர்பெற்ற நரம்பியல் நிபுணர் ஆட்ஃப்ரிட் ஃபெர்ஸ்டரிடம் வேலை பழகினார். 1933-ல் நாஜிக்கள் ஆட்சிக்கு வந்ததும் அந்த வேலை பறிபோனது. யூத மருத்துவமனை ஒன்றுக்கு மாறினார்.

1938 நவம்பர் 9 இரவு, யூதர்கள் மீது நாடு முழுக்கத் தாக்குதல். அடைக்கலம் தேடி வந்த ஆண்களை எல்லாம், நோய் இருக்கிறதோ இல்லையோ, உள்ளே சேர்த்துக்கொள்ளச் சொன்னார் குட்மன். மறுநாள் ரகசியப் போலீஸ் வந்து கணக்குக் கேட்டது. படுக்கை படுக்கையாகக் கூட்டிப்போய், ஆளுக்கொரு நோயைச் சொல்லிச் சமாளித்தார். 64 பேரில் 60 பேர் கைதாகாமல் தப்பினார்கள். 1939 மார்ச்சில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்.

இரண்டு மணி நேரக் கணக்கு

போரில் காயமடையும் வீரர்களுக்காக, 1944 பிப்ரவரி 1-ம் தேதி ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவு தொடங்கியது. பொறுப்பு குட்மனிடம். மாவுக்கட்டுக்குள் வைத்து அனுப்பப்பட்ட வீரர்களின் கட்டை முதலில் பிரித்தார். இரவு பகல் பார்க்காமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது கட்டளை. அது நடக்கிறதா என்று பார்க்க நடுராத்திரியிலும் வார்டுக்கு வந்துவிடுவார். சிறுநீர்க் குழாய் போடுவதிலும் சுத்தம் விஷயத்தில் படு கறார்.

புண் ஆறியதும் அடுத்த கட்டம். எழுந்து உட்கார வேண்டும், கைக்கு வலு ஏற்ற வேண்டும், மரவேலை, கடிகாரம் பழுதுபார்ப்பது என்று ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டும். நோயாளி வெளியே போய்ச் சம்பாதிக்கும் வரை சிகிச்சை முடியவில்லை என்பது அவர் கணக்கு. விளையாட்டும் அதில் ஒரு மருந்துதான். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேர் சக்கர நாற்காலியில் இருந்தபடி வில்வித்தையில் மோதினார்கள். 1960-ல் அது ரோம் நகருக்குப் போனது. இன்று நாம் பார்க்கும் பாராலிம்பிக் அங்கிருந்து வளர்ந்ததுதான்.

1965 போரில் முதுகுத்தண்டில் குண்டு பாய்ந்த இந்திய ராணுவ வீரர் முரளிகாந்த் பெட்கர், 1972-ல் ஹைடல்பெர்க் போட்டியில் நீச்சலில் தங்கம் வென்றார். இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கம் அது.

கத்தி விஷயத்தில் மட்டும்...

உடைந்த முதுகை அவசரப்பட்டு அறுத்துத் திறப்பது குட்மனுக்குப் பிடிக்காது. தலையணைகளை வைத்து, படுக்கும் நிலையை மாற்றியே எலும்பை நேராக்கப் பார்ப்பார். இதில் இன்றைய மருத்துவம் அவரைவிட்டு விலகி வந்துவிட்டது. தேவைப்படுவோருக்குச் சீக்கிரமே அறுவை சிகிச்சை நடக்கிறது. பலருக்குப் பெரிதாகத் திறக்காமல், சிறு துளை வழியாகவே ஸ்க்ரூ பொருத்த முடிகிறது. தசை அதிகம் சேதமாவதில்லை, ரத்த இழப்பும் குறைவு.

ஆனால், தண்டுவடமே பழுதாகியிருந்தால், தையல் சிறியதாக இருப்பது மட்டும் போதாது. திருப்பிப் படுக்க வைப்பது, சிறுநீர்ப் பை பராமரிப்பு, பிசியோதெரபி, மறுபடி வேலைக்குப் போக வழி என எல்லாம் சேர்ந்தால்தான் அது சிகிச்சை. முதுகுத்தண்டு ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் குடும்பம், அதற்குப் பிறகு என்ன என்பதையும் டாக்டரிடம் கேட்டாக வேண்டும்.

1966-ல் சர் பட்டம் பெற்ற குட்மன், 1980 மார்ச் 18-ல் காலமானார். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பும் பழக்கம் மட்டும் இன்றும் வார்டுகளில் தொடர்கிறது.