தொழில் தெரிந்த அமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி

பிரஷர் குக்கரின் மீது டி. டி. கே. என்னும் மூன்றெழுத்தைப் பார்த்திராத வீடு நம்மூரில் குறைவு. அவ்வெழுத்துக்களுக்கு உரிய மனிதர் திரு. டி. டி. கிருஷ்ணமாச்சாரி ஆவார். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சாலைகளில் இன்று வரிசையாக நிற்கும் மோட்டார்த் தொழிற்சாலைகளின் கதையைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டு போனால், அங்கும் அவரையே சந்திக்கிறோம்.

அவர் 1899ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் நீதிபதி. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்ற மகனோ வியாபாரத்தில் இறங்கினார். 1928இல் தம் பெயரில் ஒரு கம்பெனி தொடங்கி, லீவர் பிரதர்ஸ் சோப்பு முதலிய பொருள்களைத் தென்னாட்டுக் கடைகளில் கொண்டு சேர்த்தார். வெளிநாட்டுச் சரக்கை விற்றவரே பிற்காலத்தில் அதற்கு அணை போட்டார் என்பது விந்தைதான். 1937இல் சென்னைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் அரசியல் சட்ட வரைவுக் குழுவிலும் இடம்பெற்றார்.

1952இல் பண்டித நேரு அவரை வர்த்தகத் தொழில் அமைச்சராக்கினார். அக்காலத்தில் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய அமெரிக்கக் கம்பெனிகள் கார்களைப் பாகம் பாகமாகக் கப்பலில் கொணர்ந்து இங்கே பூட்டி விற்று வந்தன. முடுக்கும் வேலை நமக்கு, செய்யும் வேலை அவர்களுக்கு! பாகங்களைப் படிப்படியாக இங்கேயே தயாரிக்கத் திட்டம் உள்ளவர்களுக்கே இனி அனுமதி என்று 1953இல் சுங்கவரி ஆணையம் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்றது. இரு கம்பெனிகளும் மூட்டை கட்டின. நிபந்தனைக்கு உடன்பட்டோர் தங்கினர். பிரிட்டனின் லேலண்டு நிறுவனம், எண்ணூரில் கார் பூட்டிக்கொண்டிருந்த அசோக் மோட்டார்ஸுடன் சேர்ந்தது. 1955இல் அசோக் லேலண்டு என்ற பெயர் பிறந்தது. லாரிக்கு வேண்டிய உதிரிபாகங்களைச் செய்யும் பட்டறைகளும் சென்னையைச் சுற்றி வளரலாயின.

ஆயினும் இக்கொள்கைக்கு ஒரு குறை இருந்தது. பாதுகாப்பு எத்தனை ஆண்டுகளுக்கு என்று எல்லை வகுக்கவில்லை. போட்டியற்ற மூன்று கார்க் கம்பெனிகள் பழைய மாதிரிகளையே திரும்பத் திரும்பச் செய்தன. பணம் கட்டியவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். சலுகை தந்த அரசு, தரத்தையும் கேட்டுப் பெற்றிருக்க வேண்டாமா?

1956இல் அவர் நிதியமைச்சரானார். செல்வந்தர் மீது சொத்துவரி விதித்துத் தொழிலதிபர்களின் கோபத்தைச் சம்பாதித்தார். அவரைச் சாய்த்ததோ வேறொரு தொழிலதிபரின் விவகாரம். 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்திரா என்பவருடைய ஆறு கம்பெனிகளின் பங்குகளை ஏறத்தாழ ஒரு கோடியே 24 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. கழகத்தின் முதலீட்டுக் குழுவைக் கலந்துகொள்ளவே இல்லை. அது ஏழை எளியோர் மாதந்தோறும் கட்டிய பிரீமியப் பணம் அல்லவா? ஆளுங்கட்சி உறுப்பினரும் பிரதமரின் மருமகனுமான பெரோஸ் காந்தியே நாடாளுமன்றத்தில் இதைக் கிளப்பினார். நீதிபதி எம். சி. சாக்ளா மக்கள் முன்னிலையில் விசாரணை நடத்தினார். அதிகாரி செய்ததற்கும் அமைச்சரே பொறுப்பு என்று அவர் முடிவு கூறவே, 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி இராஜினாமா செய்தார்.

நேரு அவரை மீண்டும் அழைத்துக்கொண்டார். 1963இல் மறுபடியும் நிதியமைச்சர். தொழில் வளர்ச்சி வங்கியும் யூனிட் டிரஸ்டும் 1964இல் அவர் காலத்தில் தோன்றியவை. ஆனால் அவருடைய புதல்வர்களின் கம்பெனிகளைப் பற்றிக் குற்றச்சாட்டு எழ, 1965 இறுதியில் இரண்டாம் முறையும் பதவி விலகினார். வியாபாரம் அறிந்தவர் என்பதே அவருடைய பலம். அதே நெருக்கம் அவரைச் சந்தேகத்திற்கும் ஆளாக்கியது.

ஒரு காலத்தில் வெளியேறிய ஃபோர்டு, 1990களில் மறைமலை நகருக்குத் திரும்பி வந்தது. ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் செய்யத் தொடங்கியது. தமிழ்நாடு அரசு வரிச் சலுகை அளித்தது. மத்திய அரசோ 1997இல் பழைய நிபந்தனையைப் புதுப்பித்து, இம்முறை காலக்கெடுவும் வைத்தது. மூன்றாம் ஆண்டில் பாகங்களில் பாதியும், ஐந்தாம் ஆண்டில் நூற்றுக்கு எழுபதும் இங்கே கிடைத்தவையாக இருக்க வேண்டும் என்றது. உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் வழக்காடி அவ்விதியை வீழ்த்தின. அதற்குள் உதிரிபாகக் கம்பெனிகள் இங்கே வேரூன்றிவிட்டன. ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010லும் டெய்ம்லர் 2012லும் உற்பத்தியைத் தொடங்கின.

இவற்றையெல்லாம் காண கிருஷ்ணமாச்சாரி இல்லை. 1974ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் அவர் காலமானார். தொழிற்பேட்டைகளுக்கு நிலம் திரட்டித் தரும் சிப்காட் நிறுவனத்திற்கு அப்போது வயது மூன்று. ஸ்ரீபெரும்புதூர்ச் சீமையில் அன்று ஏரி நீரை நம்பிய வயல்களே இருந்தன.