மறுக்கப்படாத பால்

வெண்மைப் புரட்சி என்றதும் வர்கீஸ் குரியனே நினைவுக்கு வருகிறார். அந்தப் பொறியாளரை ஆனந்தை விட்டுப் போகவிடாமல் நிறுத்திக்கொண்டவர் திரிபுவன்தாஸ் படேல் என்பதும் பலர் அறிந்ததே. எருமைப் பாலைப் பொடியாக்கும் தொழில்நுட்பம் பிறந்ததற்கு அவரும் ஒரு காரணம் என்பது மட்டும் அதிகம் பேசப்படுவதில்லை.

1903-இல் ஆனந்தில் பிறந்த அவர் குஜராத் வித்யாபீடத்தில் பயின்றவர். விடுதலைப் போரில் பலமுறை சிறை சென்றவர்.

1945-இல் பம்பாய் நகருக்குப் பால் அனுப்பும் திட்டத்தைத் தொடங்கிய மாகாண அரசு, கைரா மாவட்டக் கொள்முதலைப் போல்சன் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. விலை ஏற்றத்தின் பலன் இடைத்தரகர்களோடு நின்றுபோனது. உழவர்கள் வல்லபபாய் படேலிடம் முறையிட்டனர். கூட்டுறவு அமைத்து நீங்களே விற்றுக்கொள்ளுங்கள் என்பது அவர் காட்டிய வழி. 1946 ஜனவரியில் சமர்க்கா கிராமக் கூட்டம் அதை ஏற்றது. பதினைந்து நாள்கள் பம்பாய்க்குப் பால் போகவில்லை, அரசு இறங்கிவந்தது. அவ்வாண்டு டிசம்பர் 14-இல் பதிவான மாவட்ட ஒன்றியத்துக்குத் திரிபுவன்தாஸ் தலைவரானார். ஊர் ஊராகச் சென்று சங்கங்களை அமைத்தார். இரண்டு சங்கங்களும் நாளொன்றுக்குச் சுமார் 250 லிட்டர் பாலும்தான் தொடக்கம்.

எருமை, குளிர்காலத்தில் கோடையைவிட ஏறக்குறைய இரு மடங்கு பால் தரும். அந்த உபரி முழுவதையும் பம்பாய் வாங்காது. தனியார் கொள்முதலாளருக்கு இதில் சங்கடமே இல்லை. விலையைக் குறைப்பார், அல்லது பாலைத் திருப்பி அனுப்புவார். நட்டம் உழவர் தலையில் விழும். புதிய வழி தேட அவருக்கு என்ன அவசியம்? ஒன்றியத்தின் நிலை வேறு. பால் தருபவரே அதன் உரிமையாளர். அவரைத் திருப்பி அனுப்ப முடியாது. பத்து மைல் தொலைவில் ஒரு விதவையின் தொழுவத்தில் இருந்த சிக்கல், ஆலையின் சிக்கலாக மாறியது.

எருமைப் பாலைப் பொடியாக்க இயலாது என்றே மேலைநாட்டு வல்லுநர்கள் கருதிவந்தனர். அவர்களுடைய இயந்திரங்கள் பசும்பாலுக்கு உரியவை. குரியனின் நண்பர் எச்.எம். தலாயா அதைச் செய்து காட்டினார். யூனிசெஃப் உதவியோடு எழுந்த ஆலையை 1955 அக்டோபர் 31-இல் நேரு திறந்துவைத்தார்.

புத்தாக்கத்தை மூலதனம், ஆய்வுச் செலவு ஆகியவற்றின் விளைவாகவே நான் பல்லாண்டு வகுப்பறையில் விளக்கிவந்தேன். கைரா அந்தச் சட்டகத்தில் அடங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கொழுப்பின் அளவைச் சங்கத்திலேயே சோதித்து அதற்கேற்ப விலை தரும் முறையும் இவ்வகையில் வேரூன்றியதே. தண்ணீர் கலப்பதில் உழவருக்கு ஆதாயமில்லாமல் போயிற்று. நம் ஆவின் ஒன்றியங்கள் நிற்பதும் இந்த மூன்றடுக்கு அமைப்பின் மீதுதான்.

1963-இல் மகசேசே விருது குரியனுடனும் தாரா குரோடியுடனும் அவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் தாமாகவே தலைமையிலிருந்து விலகியபோது, உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் சேர்த்துப் பணமுடிப்பு அளித்தனர். அதைக் கொண்டு தாய்சேய் நலத்துக்கு ஓர் அறக்கட்டளை தொடங்கினார். பால் சேகரித்த அதே கிராமச் சங்கங்களின் வழியாகவே அதன் நலப் பணியாளர்கள் வீடுகளுக்குச் சென்றனர். 1994-இல் அவர் மறைந்தார்.