வானூர்தியும் வால்வும்: ரோல்ட் டால்

ரோல்ட் டால் என்னும் பெயரைக் கேட்ட அளவில் சாக்லேட் தொழிற்சாலையும் மட்டில்டா என்னும் சிறுமியும் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயின் அவர் போர்விமானியாக இருந்தவர் என்பதும், விமானத்தை விட்டு இறங்கிய பின் தம் வாழ்நாளின் நல்ல பகுதியைக் குடும்பத்தாரின் நோய்ப்படுக்கைகளின் அருகே கழித்தவர் என்பதும் அவர் கதைகளை விரும்பிப் படிப்போரில் பலரும் அறியாதவை. அவ்வாழ்வில் தலைக்காயம் மீண்டும் மீண்டும் வந்தது. முதற்காயம் அவருடையது; ஏனையவை அவர் அன்பு செலுத்தியோருடையவை.

1916ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள், வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரைச் சார்ந்த லாண்டாஃபில் டால் பிறந்தார். பெற்றோர் நார்வே நாட்டினர். தென்துருவத்தை முதன்முதல் அடைந்த அமுண்ட்செனின் பெயரையே மகனுக்கு இட்டனர். 1920இல் தமக்கை ஆஸ்ட்ரி குடல்வால் அழற்சியால் இறந்தாள். அப்போது அவளுக்கு வயது ஏழு. சில வாரங்களில் தந்தையும் நுரையீரல் காய்ச்சலுக்கு இரையானார். மகளை இழந்த தந்தை பிழைத்தெழ விரும்பவில்லை என்றே டால் பிற்காலத்தில் நம்பினார். மூன்று வயதுச் சிறுவனின் மனத்தில் படிந்த இந்நிகழ்ச்சியையும், ஏழு என்னும் அவ்வயதையும் வாசகர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

பள்ளிப் படிப்பு முடிந்தபின் ஷெல் எண்ணெய் நிறுவனத்திற் சேர்ந்த டால், 1938இல் இன்றைய தான்சானியாவின் தாருஸ்ஸலாம் நகருக்கு அனுப்பப்பெற்றார். போர் மூண்டதும் 1939 நவம்பரில் நைரோபி சென்று பிரிட்டிஷ் விமானப்படையில் இணைந்தார். ஆறரை அடி உயரமுள்ள அந்த இளைஞர் பயிற்சி விமானத்தில் அமர்ந்தால் தலை காற்றுத்தடுப்புக் கண்ணாடிக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்குமாம்.

1940 செப்டம்பர் 19ஆம் நாள், எண்பதாம் படைப்பிரிவுடன் சேர்வதற்காக, இரட்டை இறக்கைகள் கொண்ட கிளாடியேட்டர் விமானத்தை எகிப்தின் மேற்குப் பாலைவனத்தின் மேல் ஓட்டிச் சென்றார். அவரிடம் குறித்துக் கொடுக்கப்பட்ட இடத்தில் விமானத்தளம் இல்லை. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது, பொழுதும் சாய்ந்தது. வேறு வழியின்றி மணற்பரப்பில் இறக்க முயன்றபோது விமானம் பாறையில் மோதியது. மண்டையோடு பிளந்தது, மூக்கு நொறுங்கியது, கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. தீப்பற்றிய விமானத்தினின்றும் ஊர்ந்து வெளியேறி உயிர் தப்பினார். அலெக்சாந்திரியா மருத்துவமனையில் பல வாரங்கள் பார்வையின்றிக் கிடந்தார். 1942இல் இந்நிகழ்ச்சியைப் பற்றி அவர் எழுதியது அமெரிக்க இதழொன்றில் வெளிவந்தபோது, லிபியாவின் மீது சுட்டு வீழ்த்தப்பட்டவர் என்னும் பொருள்படத் தலைப்பு அமைந்திருந்தது. உண்மையில் அவரை எவரும் சுடவில்லை. எழுத்தாளரின் முதல் அச்சு வரியிலேயே புனைவு புகுந்துகொண்டது எனலாம்.

உடல் தேறியதும் 1941 ஏப்ரலில் கிரேக்கப் போர்முனைக்குச் சென்று ஹரிக்கேன் விமானம் ஓட்டினார். ஏப்ரல் 20ஆம் நாள் ஏதென்ஸ் வானில் நிகழ்ந்த பெரும்போரில் தோழர் பலர் மாண்டனர், டால் மீண்டார். பின்னர்ப் பாலத்தீனத்தின் ஹைஃபாவிலிருந்து பறந்தபோது பழைய தலைக்காயம் தலைவலியாகவும் மயக்கமாகவும் திரும்ப வந்தது. அவ்வாண்டுக் கோடையிலேயே தாயகத்திற்கு அனுப்பப்பட்டார். அவருடைய போர்ப்பறத்தல் அத்துடன் முடிவுற்றது.

1942இல் வாஷிங்டன் தூதரகத்தில் விமானப்படைத் துணை அலுவலராகப் பணியாற்றுங்கால் நாவலாசிரியர் சி. எஸ். ஃபாரஸ்டர் அவரைச் சந்தித்து, போர் அனுபவத்தைக் குறிப்புகளாக எழுதித் தருமாறு கேட்டார். குறிப்பு கதையாகவே வந்து சேர்ந்தது. ஃபாரஸ்டர் அதை இதழுக்கு அனுப்பிவிட்டார். மண்டையில் விழுந்த அடியே தம்மை எழுத்தாளராக்கியது என்று டால் கடைசிவரை நம்பிவந்தார். நம் கவிஞர்களுக்கு இது நகைப்பைத் தரலாம். எனினும் தம் உடலின் காயத்தை இவ்வாறு வரமாகக் கொண்டாடிய மனிதர், பிறர் தலையில் விழுந்த அடிகளை அங்ஙனம் கொள்ளவில்லை.

1953இல் அமெரிக்க நடிகை பேட்ரிசியா நீலை மணந்து, இங்கிலாந்தின் கிரேட் மிசண்டன் என்னும் சிற்றூரில் குடியமர்ந்தார். 1960 டிசம்பரில் நியூயார்க் தெருவொன்றில் நான்கு மாதக் குழந்தை தியோவின் தள்ளுவண்டியை டாக்சி ஒன்று மோதியது. குழந்தையின் மண்டை நொறுங்கியது; மூளையில் நீர் கோத்தது. அந்நீரை வடிக்கப் பொருத்தப்பட்ட குழாயின் வால்வு அடிக்கடி அடைபட்டது. அடைபடுந்தோறும் பார்வை மங்கும், காய்ச்சல் எழும், மீண்டும் மண்டையைத் திறக்க வேண்டும்.

டால் விதியை நொந்து அமரவில்லை, வால்வைக் குற்றஞ்சாட்டினார். மாதிரி விமானங்களைப் பறக்கவிடுவது அவருடைய பொழுதுபோக்கு. அவ்வழியே அறிமுகமான ஸ்டான்லி வேட் என்பார், அவ்விமானங்களின் இயந்திரங்களுக்கு எரிபொருள் செலுத்தும் நுண்ணிய பம்புகளைச் செய்வதில் வல்லவர். லண்டனின் கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தை மருத்துவமனையின் அறுவை மருத்துவர் கென்னத் டில்லையும் அவருடன் சேர்த்துவைத்தார் டால். 1962இல் எளிதில் அடைபடாத புதிய வால்வு உருவாயிற்று. மூவரும் அதனால் ஊதியம் பெறுவதில்லை என உடன்பட்டனர். வால்வு தயாரானபோது தியோவுக்கு அது தேவைப்படவில்லை, அவன் தேறிவிட்டான். ஏறத்தாழ 3,000 குழந்தைகளுக்கு அது பொருத்தப்பட்டது.

அதே 1962 நவம்பரில் மூத்த மகள் ஒலிவியாவுக்கு மணல்வாரி அம்மை கண்டது. தடுப்பூசி அந்நாளில் பிரிட்டனில் வழக்கிற்கு வரவில்லை. தற்காப்பு தரும் காமா குளோபுலின் என்னும் மருந்து அரிதாயிருந்தமையால் தியோவுக்கு மட்டுமே கிடைத்தது. அம்மை இறங்கிக் குணமாகி வருகிறாள் என்றே எண்ணிய டால், வண்ணக் கம்பிகளை வளைத்து விலங்குருவங்கள் செய்ய அவளுக்குக் கற்பித்துக்கொண்டிருந்தார். அவள் விரல்கள் மனத்தின் ஏவலுக்கு இணங்காததை அப்போது கண்டார். அன்றே மூளை அழற்சியால் அவள் இறந்தாள். ஆஸ்ட்ரி இறந்த அதே ஏழாம் வயது.

இங்கே திருத்துவதற்கு வால்வு ஏதும் இல்லை. தமிழ் மரபில் இத்தகைய இழப்புக்குக் கையறுநிலை என்றொரு துறையே உண்டு. செயலற்று நிற்றலையே பாடற்பொருளாக்கினர் நம் முன்னோர். டால் பாடவில்லை, பேசவும் இல்லை. மகளின் பெயரைக்கூட அவரால் உச்சரிக்க இயலவில்லை என்று மனைவி பின்னாளில் நினைவுகூர்ந்தார். கல்லறையைச் சுற்றிப் பாறைகளை அடுக்கி, மலைச்செடிகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கொணர்ந்து நட்டார். தம் தந்தையைப் போலத் தாமும் மூழ்கிவிடக்கூடும் என்று அவர் அஞ்சியிருத்தல் கூடும்.

1965 பிப்ரவரியில் கருவுற்றிருந்த பேட்ரிசியாவின் மூளையில் நாளங்கள் வெடித்தன. மூன்று வாரம் நினைவிழந்து கிடந்து விழித்தபோது சொற்கள் அவரை விட்டு நீங்கியிருந்தன. திருத்தக்கூடியது என்று டாலுக்குத் தோன்றிய பணி மீண்டும் கிட்டியது. அண்டை வீட்டாரைத் திரட்டி, நாள்தோறும் மணிக்கணக்கில் முறைவைத்துப் பாடம் சொல்லச் செய்தார். கேட்ட பொருளுக்குச் சரியான சொல்லைச் சொல்லும்வரை அதனைக் கொடுக்க மறுத்தார். கொடுமை என்றனர் கண்டோர். பேட்ரிசியாவும் சினந்தார், அழுதார். அவ்வாண்டு ஆகஸ்டில் நலமான பெண்மகவை ஈன்றார். 1968இல் மீண்டும் திரைப்படத்தில் தோன்றி ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். அண்டை வீட்டார் கையாண்ட அம்முறையே பின்னர்ப் பக்கவாத நோயாளருக்கான தொண்டர் திட்டமாக வளர்ந்தது. பேட்ரிசியாவின் உருமாறிய சொற்களே 1982இல் வந்த நட்பு அரக்கன் கதையின் விந்தைமொழிக்கு வித்து எனக் கருதுவாரும் உளர். அந்நூல் ஒலிவியாவுக்கே காணிக்கையாக்கப்பட்டது.

இத்துணையும் செய்தவர் குறையற்றவர் அல்லர். மனைவி தேறிய பின் வேறொரு பெண்ணை விரும்பி, 1983இல் மணவிலக்குப் பெற்று அவரையே மணந்தார். அதே ஆண்டில் யூதர்களைப் பழித்து அவர் கூறியவை எவ்வகையாலும் ஏற்கத்தகாதவை. 2020இல் அவர் குடும்பத்தார் அதற்காக மன்னிப்புக் கோரினர். பொறுமையுடன் வால்வு செய்த கைகளும் வெறுப்பை உதிர்த்த வாயும் ஒருவருடையவையே.

தோட்டத்துக் குடிலில் பழைய நாற்காலியில் அமர்ந்து, மடிமேல் பலகை வைத்து, மஞ்சள் தாளில் பென்சிலால் எழுதுவது அவர் வழக்கம். அருகிருந்த மேசையில் அறுவையின்போது அகற்றப்பட்ட தம் இடுப்பெலும்பின் முனையையே காட்சிப்பொருளாக வைத்திருந்தார். எழுபது வயதை எட்டியபோது, ஒலிவியா இறந்த விதத்தை முதன்முறையாகப் பெற்றோருக்கு வெளிப்படையாக எழுதி, மணல்வாரித் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுமாறு வேண்டினார். 1990 நவம்பர் 23ஆம் நாள் காலமானார்.

அவர் மறைந்த பிறகு, மேசை இழுப்பறை ஒன்றில் பள்ளிக் குறிப்பேடு ஒன்று கிடைத்தது. மேலட்டையில் ஒலிவியாவின் பெயர். உள்ளே அவளுடைய இறுதி நேரங்கள், மருத்துவமனைக்குச் சென்ற வழி, மருத்துவர்களுடன் பேசியவை ஆகியன அணி ஏதுமின்றிக் குறுகிய வாக்கியங்களில் எழுதப்பட்டிருந்தன. வீட்டார் எவருக்கும் அவர் அதைக் காட்டியிருக்கவில்லை.