திருப்புட்குழி மாணாக்கர்

காஞ்சிமாநகருக்கு மேற்கே, பாலுசெட்டிசத்திரத்தை அடுத்துள்ளது திருப்புட்குழி. சீதாபிராட்டியைக் காக்கப் போராடி உயிர்நீத்த ஜடாயுவுக்கு ஸ்ரீராமன் மகன் ஸ்தானத்தில் நின்று ஈமக்கடன் செய்த இடம் இதுவென்பது தலபுராணம். ஒரு பறவைக்கு ஊழியம் செய்வது தெய்வத்துக்கும் இழுக்கன்று என்று போதிக்கும் இவ்வூரிலேதான் ஸ்ரீ ராமானுஜர் யாதவப் பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும்.

1017-ம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த அவர், தந்தையார் காலமான பின்னர்க் காஞ்சியை அடைந்தார். ஆசிரியருக்குப் பணிவிடை செய்து கற்பதே அக்காலத்து முறை. ஒருநாள் ஆசிரியருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கையில், பகவானுடைய திருக்கண்களைப் பற்றிய உபநிஷத வாக்கியத்துக்கு ஆசிரியர் இழிவானதோர் உவமையைப் பொருளாக உரைத்தார். மாணாக்கரின் கண்ணீர் ஆசிரியரின் தொடையிற் சுட்டது. கை பணி செய்தது, அறிவோ அடிமைப்படவில்லை. பின்னர்க் காசி யாத்திரையில் அவர் உயிருக்கே சூழ்ச்சி நடந்ததென்றும், உறவினராகிய கோவிந்தர் எச்சரிக்கத் தப்பி மீண்டாரென்றும் சரித்திரம் தொடர்கிறது.

மீண்டு வந்தவர் நாடிச் சென்றது மற்றொரு பண்டிதரையன்று. வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் திருக்கச்சி நம்பிகளை அணுகித் தமக்கோர் பணி வேண்டினார். நம்பிகள் அந்தணர் குலத்திற் பிறவாதவர். அவர் பணித்தவாறே, ஊருக்கு வெளியேயுள்ள சாலைக் கிணற்றிலிருந்து நாள்தோறும் குடத்தில் நீர் சுமந்து பெருமாளுக்கு ஸமர்ப்பித்தார். வேதாந்தம் கற்ற தோளில் தண்ணீர்க் குடம் ஏறிய அன்றுதான் அவருடைய கல்வி நிறைவுபெறத் தொடங்கியது என்பது நம் கருத்து.

அதன் பயனைப் பிற்கால வாழ்வு காட்டும். நம்பிகள் தம் இல்லத்தில் அமுது செய்த இடத்தை மனைவியார் தீட்டெனக் கழுவியது அவர் நெஞ்சைப் புண்படுத்திற்று. திருக்கோஷ்டியூரில் பதினெட்டு முறை நடந்து பெற்ற ரகஸ்யப் பொருளை, தமக்கு நரகம் வாய்ப்பினும் ஆகுக என்று துணிந்து, ஆசையுடையோர்க்கெல்லாம் வழங்கினார். ஸ்ரீரங்கத்திலே, காவேரியில் நீராடித் திரும்புகையில், பிறப்பால் தாழ்ந்தவரெனப்பட்ட உறங்காவில்லியின் கையைப் பற்றி நடந்தார். முடிவில் யாதவப் பிரகாசரே தம் பழைய மாணாக்கருக்குச் சீடராகி, கோவிந்த ஜீயர் என்ற பெயர் பூண்டார்.

இன்று சமயச் சார்புள்ள வித்தியாசாலைகள் பல, சமூக ஊழியத்தையும் பாடத்தோடு சேர்த்துள்ளன. இது நன்றே. ஆயின், வாரத்தில் ஒருநாள் சேரிக்குச் சென்று துடைப்பம் பிடித்துவிட்டு, வீடு திரும்பியதும் தீட்டுக் கழிக்கும் பிள்ளை எதனைக் கற்றான்? மேலே நின்று கீழே இறைக்கும் கருணை ஊழியமாகாது. ஊரார் எவரைத் தாழ்ந்தவரென்கின்றனரோ அவரிடமே சென்று, எனக்கொரு பணி தாரும் என்று கேட்கும் பணிவே ஊழியம். அப்பணிவைக் கற்பியாத பள்ளி, எச்சமயத்தின் பெயரைத் தாங்கினும், பாதிப் பள்ளியே.