தண்ணீர் தந்த வஜீர்



ஐரோப்பாக் கண்டத்தின் தென்கிழக்கில் செர்பியா எனும் நாடு உள்ளது. அதன் தலைநகர் பெல்கிரேடு. சாவா நதி டான்யூப் எனும் மாநதியோடு கலக்கும் இடத்தில், குன்றின் மீது அந்நகரின் பழங்கோட்டை நிற்கிறது. மாலை வேளையில் நகர மக்கள் குடும்பத்தோடு அங்கே உலாவ வருவார்கள். முதியவர்கள் சதுரங்கம் ஆடுவார்கள். குழந்தைகள் ஓடி விளையாடுவார்கள். அவ்விடத்தின் பெயர் கலெமெக்தான். அரபியில் 'கல்ஆ' என்பது கோட்டை. 'மைதான்' என்பது நாம் அன்றாடம் வழங்கும் மைதானமே. கோட்டை மைதானம் என்ற இந்தப் பெயரைத் துருக்கியர் வைத்தனர்; அவர்கள் போய்விட்ட பின்னும் பெயர் போகவில்லை.

அந்தக் கோட்டைக்குள் கல்லால் கட்டப்பட்ட ஒரு குடிநீர் ஊற்று இருக்கிறது. அதைக் கட்டி ஏறத்தாழ நானூற்று ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. போர்களின் இடிபாடுகளுக்குள் மண்மூடிக் கிடந்த அது 1938-ஆம் ஆண்டில்தான் தோண்டி வெளிக்கொணரப்பட்டது. அதைக் கட்டியவர் யார்? மூன்று சுல்தான்களுக்கு முதன்மை வஜீராக விளங்கி, உதுமானியப் பேரரசைப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் வழிநடத்திய சொகொல்லு மெஹ்மத் பாஷா அவர்கள். முஹம்மது எனும் திருப்பெயரையே துருக்கியர் மெஹ்மத் என உச்சரிப்பர். அவரது வாழ்க்கையில் நாம் சிந்திக்க வேண்டியவை பல உள்ளன.

தாயிடமிருந்து பிரிந்த சிறுவன்

இன்றைய போஸ்னியாவின் கிழக்கெல்லையில், திரினா நதி பாயும் மலைப்பகுதியில் சொகொலோவிச்சி என்றொரு சிற்றூர் உண்டு. 1505-ஆம் ஆண்டை ஒட்டி அங்கே ஒரு செர்பியக் கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். 'சொகொல்' என்றால் அவர்கள் மொழியில் ராஜாளிப் பறவை. அதுவே குடும்பப் பெயராய் வாழ்நாள் முழுதும் அவரோடு ஒட்டிக்கொண்டது.

அக்காலத்தில் உதுமானிய அரசு, பால்கன் நாடுகளின் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து சிறுவர்களைத் தெரிந்தெடுத்துச் சென்று, இஸ்லாத்தில் சேர்த்து, கல்வியும் போர்ப்பயிற்சியும் அளித்து, அரசுப் பணியில் அமர்த்தி வந்தது. தெவ்ஷிர்மே என்பது அம்முறையின் பெயர். அவ்வாறு கொண்டு செல்லப்பட்ட சிறுவர்களில் இவரும் ஒருவர்.

வாசகர்களே, இதை நாம் மறைத்துப் பேச வேண்டியதில்லை. அச்சிறுவர்களில் பலர் உயர்பதவிகளை அடைந்தது மெய்யே. ஆயினும், பாதுகாப்புத் தருவதாக வாக்களிக்கப்பட்ட குடிமக்களின் பிள்ளைகளைப் பெற்றோரின் மடியிலிருந்து பிரிப்பது ஷரீஅத்தின் நீதியோடு எங்ஙனம் பொருந்தும் என்ற வினாவுக்கு விடை காண்பது எளிதன்று. அரசர்கள் செய்தவை எல்லாம் மார்க்கமாகிவிடா. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கண்ணீர், அவள் எந்த மதத்தைச் சேர்ந்தவளாயினும், கண்ணீர்தான்.

அங்ஙனம் பறிக்கப்பட்ட ஒருவர் பிற்காலத்தில் வாளும் செங்கோலும் தம் கைக்கு வந்தபோது எவ்வாறு நடந்துகொண்டார் என்பதே நாம் கவனிக்கத்தக்கது.

படிப்படியாய் உயர்ந்தவர்

எதிர்னே அரண்மனையிலும் பின்னர் இஸ்தான்பூல் அரண்மனையிலும் அவர் பயிற்சி பெற்றார். புகழ்பெற்ற கடற்படைத் தலைவர் கைருத்தீன் பார்பரோசா 1546-இல் காலமானபின் அப்பதவி இவருக்கு வந்தது. பின்னர் ஐரோப்பிய மாகாணங்களின் ஆளுநரானார். அடுத்து வஜீர்களின் வரிசையில் சேர்ந்தார். சுல்தான் சுலைமானின் பேத்தியும் இளவரசர் ஸலீமின் புதல்வியுமான எஸ்மகான் 1562-இல் இவருக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டார். 1565-இல் இவர் முதன்மை வஜீரானார்.

மறு ஆண்டே அவருக்குப் பெரும் சோதனை வந்தது. 1566-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஹங்கேரி நாட்டின் சிகெத்வார் கோட்டையை முற்றுகையிட்டிருந்த வேளையில், முதுமையும் பிணியும் வாட்டிய சுலைமான் தம் கூடாரத்திலேயே வபாத்தானார். எதிரியின் மண்ணில் நிற்கும் படைக்குத் தலைவரின் மரணம் தெரிந்தால் என்னவாகும்? பட்டத்துக்குரிய ஸலீமோ தொலைவில் அனடோலியாவில் இருந்தார். மெஹ்மத் பாஷா அவருக்கு இரகசியத் தூது அனுப்பிவிட்டு, நாற்பத்தெட்டு நாட்கள் அச்செய்தியை மறைத்து வைத்தார். சுல்தானின் பெயராலேயே ஆணைகள் வெளிவந்தன, கோட்டையும் வீழ்ந்தது, படை திரும்பியது.

படை பெல்கிரேடை நெருங்கிய பின்னரே செய்தி வெளியிடப்பட்டது. விரைந்து வந்திருந்த ஸலீம் அந்நகரில் தந்தையின் ஜனாஸாவை எதிர்கொண்டார். 1521-இல் இளம் வயது சுலைமான் வென்ற முதற்பெரும் கோட்டை பெல்கிரேடே. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அவரது உயிரற்ற உடல் அதே நகரின் வழியாகவே தலைநகருக்குக் கொண்டு செல்லப்பட்டது.

பின்னர் ஸலீமின் ஆட்சியிலும், அவர் மகன் முராதின் ஆட்சியிலும் இவரே முதன்மை வஜீர். செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் இணைக்கும் கால்வாய் ஒன்றை சூயஸில் வெட்டும் எண்ணம் அவர் காலத்தில் 1568-இல் ஆராயப்பட்டது. போர்த்துக்கீசியரின் கொடுமைக்கு எதிராக சுமத்திராத் தீவின் அச்சே சுல்தான் உதவி கோரியபோது, கப்பல்களை அனுப்ப ஆணையும் பிறந்தது. ஏமன் நாட்டில் மூண்ட கிளர்ச்சியால் அந்தப் படை திசை திருப்பப்பட்டது. கீழைக்கடலில் அந்தப் போர்த்துக்கீசியர் இழைத்த துன்பத்தை நம் கடலோர முன்னோர்களும் அனுபவித்தவர்களே. 1571-இல் லெபாந்தோக் கடற்போரில் உதுமானியக் கப்பற்படை அழிந்தபோது, ஒரே குளிர்காலத்தில் புதுப்படையைக் கட்டி முடிக்கச் செய்தவரும் இந்த வஜீரே.

மறக்காத மனிதர்

வெற்றிகளின் பட்டியல் இத்தோடு இருக்கட்டும். 1557-ஆம் ஆண்டுக்குச் செல்வோம். அப்போது அவர் முதன்மை வஜீராகவில்லை. ஆயினும் அவர் சொல்லுக்கு அரசவையில் மதிப்பிருந்தது. செர்பியர்களின் திருச்சபைக்கு பேச்சு எனும் ஊரில் இருந்த தலைமைப்பீடம் நெடுநாளாய்ச் செயலற்றுக் கிடந்தது. அதை மீண்டும் நிறுவ அவர் வழிசெய்தார். அதன் தலைவராக அமர்ந்த மக்காரியே என்பவர் அவருடைய நெருங்கிய உறவினர். ஒரே குடும்பத்தில் ஒருவர் சுல்தானின் வஜீர். மற்றவர் கிறிஸ்தவத் திருச்சபையின் தலைவர்! அந்தப் பீடம் 1766 வரை நீடித்தது. அரசை இழந்திருந்த செர்பிய மக்களை ஒரு சமூகமாய்க் கட்டிக் காத்தது அதுவே என்று அவர்களுடைய வரலாறு கூறுகிறது.

இதில் அரசியல் கணக்கும் இருந்திருக்கலாம். குடிமக்கள் மனநிறைவோடு இருந்தால்தான் எல்லை அமைதியாக இருக்கும். ஆயினும் தம் ஈமானில் உறுதியாய் நின்று பள்ளிவாசல்கள் பல கட்டிய ஒருவர், தம்மைப் பெற்றெடுத்த மக்களின் வழிபாட்டு உரிமைக்கும் துணை நின்றார் என்பது சிறு செய்தியன்று.

குறையும் அவரிடம் இருந்தது. உறவினர் பலருக்கு உயர்பதவிகளை வழங்கினார். அது பகையை வளர்த்தது. அவருடைய உறவினரும், பன்னிரண்டு ஆண்டுகள் புதா நகரின் ஆளுநராயிருந்தவருமான முஸ்தபா பாஷா, 1578-இல் சுல்தான் முராதின் ஆணையால் கொல்லப்பட்டார். முதுமையில் வஜீரின் செல்வாக்கு இவ்வாறு ஒவ்வொன்றாய் நறுக்கப்பட்டது.

வக்ஃபு எனும் ஏற்பாடு

அவர் தம் செல்வத்தை என்ன செய்தார்? பேரரசின் பல ஊர்களில் பள்ளிவாசல், மதரஸா, சத்திரம், குளியலகம், பாலம் எனக் கட்டினார். பேரறிஞரான சினான் எனும் கட்டடக் கலைஞர் அவற்றுள் சிலவற்றை அமைத்தார். பிறந்த ஊருக்கு அருகே விஷேகிராதில், திரினா நதியின் குறுக்கே 1577-இல் முடிவுற்ற பாலமும் சினானின் கைவண்ணமே. பதினொரு வளைவுகளோடு, ஏறத்தாழ 180 மீட்டர் நீளத்தில் அது இன்றும் நிற்கிறது.

பெல்கிரேடில் அவர் சத்திரமும், பெஸிஸ்தான் எனப்படும் கூரையிட்ட கடைவீதியும் கட்டினார். வக்ஃபின் நுட்பத்தை நீங்கள் அறிவீர்கள். பொருள் அல்லாஹ்வுக்கென ஒதுக்கப்படும். அதை விற்கவோ வாரிசுகள் பங்கிடவோ இயலாது. கடைகளின் வாடகையே பள்ளிவாசலின் விளக்குக்கு எண்ணெயாகும்; இமாமுக்கு ஊதியமாகும்; பாலத்தின் பழுதுக்குச் செலவாகும்.

அந்நாளைய பெல்கிரேடு எத்தகைய ஊர்! ராகூசா நகரிலிருந்து வந்த கிறிஸ்தவ வணிகர், ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களின் வழித்தோன்றல்கள், செர்பியர், துருக்கியர், போஸ்னியர் அனைவரும் அங்கே ஒருங்கே வாழ்ந்தனர். நகரின் பழம்பகுதியான தோர்ச்சோலின் பெயர், நான்கு வழிகள் எனும் துருக்கிச் சொற்களிலிருந்து வந்தது. இன்றும் செர்பியர் தண்ணீர் ஊற்றைச் 'செஸ்மா' என்கின்றனர். நாம் சர்க்கரை என்பதை அவர்கள் 'ஷெச்செர்' என்கின்றனர். கடைவீதியைக் குறிக்கும் 'சார்ஷியா' எனும் சொல்லோ, ஊர்ப் பேச்சையும் அரசியல் வம்பையும் குறிக்கும் சொல்லாகவும் ஆகிவிட்டது. அண்டை வீட்டாரை அவர்கள் 'கோம்ஷியா' என அழைக்கின்றனர். அதுவும் துருக்கியரிடமிருந்து வந்ததே. அண்டை வீட்டாரின் உரிமையை நம் மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதை எண்ணும்போது, அந்தச் சொல் அங்கே எஞ்சியிருப்பது நெஞ்சைத் தொடுகிறது.

1579-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒருநாள், அவர் வழக்கம்போல் குறைகேட்கும் அவையில் அமர்ந்திருந்தார். தர்வேஷ் உடையணிந்த ஒருவன் மனுக் கொடுப்பவன்போல் நெருங்கி, மறைத்து வைத்திருந்த கத்தியால் குத்தினான். அன்றே அவர் உயிர் பிரிந்தது. எளியோரின் மனுவைக் கையில் வாங்கும் வழக்கமே அவருக்கு மரணத்தின் வாயிலாயிற்று. துருக்கியர் அவரை ஷஹீத் மெஹ்மத் பாஷா எனவும் அழைத்தனர். இஸ்தான்பூலில், அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்களின் பெயர் தாங்கிய அய்யூப் பகுதியில் அவர் அடக்கமானார்.

எஞ்சியவை

அவருக்குப் பின் பெல்கிரேடு பலமுறை கை மாறியது. 1688, 1717, 1789 ஆகிய ஆண்டுகளில் ஆஸ்திரியர் அதைக் கைப்பற்றினர். ஒவ்வொரு முறையும் துருக்கியர் மீட்டனர். 1867-இல் கோட்டையின் சாவி செர்பியரிடம் ஒப்படைக்கப்பட்டு, கடைசித் துருக்கிப் படையும் வெளியேறியது. பாஷாவின் சத்திரம் இன்று இல்லை, கடைவீதியும் இல்லை. பள்ளிவாசல்கள் நிறைந்திருந்த அந்நகரில் அக்காலத்தவற்றுள் எஞ்சியது ஒன்றே. அதுவே 1575-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட பைராக்லி பள்ளிவாசல். தொழுகை நேரத்தை மற்றப் பள்ளிகளுக்கு உணர்த்தக் கொடி ஏற்றியதால் அதற்கு அப்பெயர் வந்தது.

2004-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கொசோவாவில் மூண்ட கலவரத்தில் செர்பியரின் தேவாலயங்கள் எரிக்கப்பட்டன. அச்செய்தி கேட்டுக் கொதித்த கூட்டம் பெல்கிரேடில் இப்பள்ளிவாசலுக்குத் தீ வைத்தது. அன்றிரவு செர்பியத் திருச்சபையின் பேராயர் ஒருவர் அங்கு வந்து, வேண்டாமென்று அக்கூட்டத்திடம் மன்றாடினார். வெறி கொண்டவர்கள் செவிமடுக்கவில்லை. பின்னர் பள்ளி செப்பனிடப்பட்டது, தொழுகையும் தொடர்ந்தது. ஆயினும் சிந்தித்துப் பாருங்கள்! 1557-இல் ஒரு முஸ்லிம் வஜீர் எந்தத் திருச்சபையின் பீடத்தை மீட்டுக் கொடுத்தாரோ, அதே திருச்சபையின் பேராயர் ஒருவர் 2004-இல் முஸ்லிம்களின் பள்ளிவாசலுக்காகக் கை நீட்டி நின்றார்.

விஷேகிராதுப் பாலமும் கொடுமையைக் கண்டது. 1992-இல் அப்பாவி முஸ்லிம்கள் அதன் மீதே கொல்லப்பட்டு ஆற்றில் வீசப்பட்டனர். மக்கள் ஒருவரையொருவர் அடையவென்று ஒருவர் கட்டியதை, மற்றவர்கள் கொலைக்களமாக்கினர். நல்ல வக்ஃபை ஏற்படுத்துவது ஒரு மனிதரால் ஆகும். அதன் நோக்கத்தைக் காப்பதோ பின்வரும் ஒவ்வொரு தலைமுறையின் பொறுப்பு. கல் தானாகக் காவல் நிற்பதில்லை.

வாசகர்களே! மரணத்திற்குப் பின்னும் நன்மை தொடரும் தர்மத்தை ஸதக்கத்துல் ஜாரியா என்கிறோம். வஜீரின் படைகளும் பதவியும் உறவினரின் ஆளுநர் பட்டங்களும் போய்விட்டன. தாகத்துடன் வருபவனின் மதத்தைக் கேளாமல் தண்ணீர் தரவென்று கட்டிய ஓர் ஊற்று இன்னும் அந்தக் கோட்டையில் நிற்கிறது. உங்கள் தெருவில், உங்கள் அண்டை வீட்டாரும் பயன்பெறும்படி நீங்கள் விட்டுச் செல்லப்போவது எது? முன்னோர் உங்களிடம் ஒப்படைத்த வக்ஃபு, அவர்கள் நாடிய வழியில்தான் செலவாகிறதா? இன்றைய ஜும்ஆவுக்குப் பின் சற்றே அமர்ந்து இதை எண்ணிப் பாருங்கள்.

வல்ல இறைவன் அவரது பிழைகளைப் பொறுத்து, நற்செயல்களை ஏற்றுக்கொள்வானாக! நம்மையும் பிறருக்குத் தண்ணீர் தருவோராக ஆக்கியருள்வானாக! ஆமீன்.