பஸ்சில் போன போலீஸ் மந்திரி!

1967-ம் ஆண்டுக்குப் பிறகு ஒருநாள். சென்னையில் டவுன் பஸ்சுக்குக் காத்து நின்ற கூட்டத்தில் கதர் வேட்டி, கதர் சட்டையோடு ஒரு பெரியவர். பஸ் வந்ததும் கூட்டத்தோடு கூட்டமாக ஏறினார். மற்றவர்களைப் போலவே பயணம் செய்தார்.

அவர் யார் தெரியுமா? 1967 தேர்தல் வரை மாநிலத்தின் போலீஸ் மந்திரியாக இருந்தவர்! பத்து வருடம் விடாமல் மந்திரி பதவி வகித்தவர். பெயர் கக்கன்.

பத்து வருடம் மந்திரியாக இருந்தவரிடம் ஒரு கார் கூடவா இல்லை? இல்லை. சென்னையில் குடியிருந்தது வாடகை வீடு. சர்க்கார் காரைத் திருப்பிக் கொடுத்த பிறகு, அவருக்கு டவுன் பஸ்தான் கதி.

பூசாரி மகன்

மதுரை ஜில்லா, மேலூர் தாலுகா, தும்பைப்பட்டி. அதுதான் கக்கனின் சொந்த ஊர். தாழ்த்தப்பட்ட குடும்பம். அப்பா கிராமக் கோவில் பூசாரி. வீட்டில் வசதி கிடையாது. படிப்பும் பாதியில் நின்றது.

சுதந்திரப் போராட்டத்தில் குதித்தார். மதுரை வைத்தியநாத அய்யரின் அன்புக்கு ஆளானார். அய்யர் அவரைப் பெற்ற பிள்ளை மாதிரியே வைத்திருந்தார்.

1939 ஜூலை 8-ந்தேதி மதுரையில் ஒரு பெரிய சம்பவம் நடந்தது. அதுவரை மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைய முடியாது. வாசலில் நின்று கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். அன்று வைத்தியநாத அய்யர் ஒரு சிறு குழுவை அழைத்துக்கொண்டு கோவிலுக்குள் போனார். அந்தக் குழுவில் ஒருவர் கக்கன். ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. ஆனால் திறந்த கதவு திறந்ததுதான். பிறகு மூடவில்லை!

1955-ல் அய்யர் காலமானபோது, பிள்ளைகளோடு பிள்ளையாக நின்று கக்கனும் காரியம் செய்தார்.

அடி வாங்கிய ஸ்டேஷன்

1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டம். கக்கனைப் போலீசார் பிடித்தார்கள். மேலூர் போலீஸ் ஸ்டேஷனில் அடி, உதை. கூட இருந்தவர்களைக் காட்டிக் கொடுக்கச் சொல்லி அடித்தார்கள். கக்கன் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஜெயில் வாசம்.

சுதந்திரம் வந்தது. நாட்டின் அரசியல் சட்டத்தை எழுதிய சபையில் கக்கனும் உறுப்பினர் ஆனார். 1952-ல் மதுரையில் இருந்து பார்லிமெண்டுக்குப் போனார். காமராஜர் முதலமைச்சரான பிறகு, தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் பதவியும் அவரைத் தேடி வந்தது.

1957-ல் காமராஜர் அவரைப் பொதுப்பணித்துறை மந்திரி ஆக்கினார். காண்டிராக்ட், டெண்டர் என்று பணம் புரளுகிற இலாகா அது. அணையும் கால்வாயும் ரோடும் கட்டிய காலம். வைகை அணை 1959-ல் திறக்கப்பட்டபோது அந்த இலாகா மந்திரி கக்கன்தான். லட்ச லட்சமாகச் செலவான கணக்கு அவர் கையெழுத்தில் போனது. அதில் ஒரு காசு அவர் வீட்டுக்கு வரவில்லை. எதிர்க்கட்சிக்காரர்களே ஒப்புக்கொண்ட விஷயம் இது.

1962-ல் விவசாய மந்திரி. 1963-ல் பக்தவத்சலம் மந்திரிசபையில் போலீஸ் மந்திரி. போலீஸ் ஸ்டேஷனில் அடி வாங்கிய அதே மனிதருக்கு இப்போது மாநிலத்துப் போலீசார் எல்லாம் சல்யூட் அடித்தார்கள்!

தீராத பழி

ஆனால் அந்த நாற்காலி அவருக்குப் பழியையும் கொண்டு வந்தது. 1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிர் இழந்தார்கள். மக்கள் கோபம் முதலமைச்சர் மேலும் போலீஸ் மந்திரி மேலும் திரும்பியது. கக்கன் கதையைச் சொல்கிறவர்கள் இதை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

1967 தேர்தலில் காங்கிரஸ் ஆட்சி கவிழ்ந்தது. கக்கன் சொந்த மேலூர்ப் பக்கத்திலேயே தோற்றுப் போனார். ஜனங்கள் அவர் கட்சியை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் கக்கன் கை நீட்டினார் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு சந்திப்பு

வருடங்கள் ஓடின. எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த சமயம். உடம்பு சரியில்லாமல் இருந்த மதுரை முத்துவைப் பார்க்க, மதுரை அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பும்போது ஒரு சேதி காதில் விழுந்தது. கக்கனும் அதே ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறாராம். அதுவும் சாதாரண வார்டில்!

எம்.ஜி.ஆர். பதறிப் போய் அந்த வார்டுக்கு நடந்தார். ஏழை எளியவர்களோடு ஒருவராகப் படுத்திருந்தார் மாஜி மந்திரி. தான் யார் என்று சொல்லி யாரிடமும் சலுகை கேட்டிருக்கவில்லை. நல்ல வசதி செய்து தருவதாக முதலமைச்சரே சொன்ன பிறகும், தனக்கென்று எதையும் கேட்கவில்லை. வந்து பார்த்ததே போதும் என்று இருந்துவிட்டார்.

எம்.ஜி.ஆர். அரசு அவருக்கு மாதா மாதம் உதவிப் பணம், இலவச பஸ் பயணம், இலவச வைத்தியம் கொடுக்க உத்தரவு போட்டது. இலவச பஸ் பாஸ்! மந்திரியாக இருந்தவருக்கு அதுதான் பெரிய உதவியாக இருந்தது என்றால், நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1981 டிசம்பரில் கக்கன் சென்னையில் காலமானார். 1999-ல் மத்திய அரசு அவர் படத்தோடு தபால் தலை வெளியிட்டது. தும்பைப்பட்டியில் மணிமண்டபம் எழும்பியது.

இவ்வளவு மரியாதையும் செத்த பிறகு வந்தது. உயிரோடு இருந்தபோது ஒரு முதலமைச்சர் தற்செயலாக அந்தப் பக்கம் போகாமல் இருந்திருந்தால், வார்டில் கிடந்தவர் யார் என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? எளிமையானவர் என்று புகழ்வது சுலபம். எளிமையாக இருந்தவருக்குக் கடைசிக் காலத்தில் கஞ்சிக்கு வழி இருந்ததா என்று கேட்க, அன்றைக்கு ஆள் குறைவு.

கக்கன் அதற்காக யாரையும் குறை சொன்னதில்லை. பஸ் வந்தது, ஏறினார், போய்ச் சேர்ந்தார். பதவிக்கு வரும்போது என்ன இருந்ததோ, போகும்போதும் அதே கதர் வேட்டி, அதே சுத்தமான கை!