மார்ஜெரி கெம்ப் அம்மையார்

இங்கிலாந்து தேசத்தின் கீழ்கரையிலே, நார்போக் நாட்டில், லின் என்னும் துறைமுகப் பட்டினம் ஒன்றுண்டு. கி. பி. 1373-ஆம் ஆண்டையொட்டி மார்ஜெரி அம்மையார் அங்குப் பிறந்தார். தந்தையாராகிய ஜான் பிரன்ஹாம் என்பார் ஐந்து முறை அந்நகரத் தலைவராய் விளங்கிய செல்வர். இருபது வயதளவில் அம்மையார் ஜான் கெம்ப் என்பவருக்கு வாழ்க்கைப்பட்டு, விரைவிலே கருவுற்றார்.

கருவுற்ற நாட்களில் அவரைக் கடும்பிணி வருத்திற்று. மகவைப் பெற்றபின் தாம் பிழைப்பது அரிதென்று அஞ்சி, நெடுநாளாக நெஞ்சில் மறைத்துவைத்திருந்த பாவமொன்றை அறிக்கையிடக் கருதிக் குருவானவரை அழைப்பித்தார். அவரோ, அம்மையார் சொல்லி முடிக்குமுன்னரே கடிந்துகொண்டார். அதன்மேல் அம்மையார் வாய்திறந்திலர். அப்பாவம் இன்னதென்று பின்னர்த் தம் வரலாற்றிலும் அவர் கூறினாரில்லை. நாமும் அதனை ஆராய வேண்டுவதின்று. ஒருபுறம் நரகத்தைப்பற்றிய அச்சமும், மற்றொருபுறம் குருவானவரின் கடுஞ்சொல்லும் நெருக்க, அவர்தம் சித்தம் கலங்கிற்று.

அரையாண்டும் எட்டு வாரமும் சில நாட்களும் அந்நிலை நீடித்தது. பேய்கள் அழல்வாய் திறந்து தம்மை விழுங்க வருவதாகக் கண்டார். கணவரையும் உற்றாரையும் தம்மையும் ஒருங்கே பழித்தார். தம் கையைத் தாமே கடித்த தழும்பு வாழ்நாள் முழுதும் மறையவில்லை. தமக்குத் தாமே ஊறு செய்துகொள்ளாவண்ணம் இரவும் பகலும் அவரைக் கட்டிவைத்தனர். ஆயிரம் தாய்மாரில் ஒருவர் இருவர்க்கு, மகப்பேற்றை அடுத்த நாட்களில் இத்தகைய சித்தக்கலக்கம் உண்டாகுமென்றும், அது தாயின் குற்றமன்றென்றும், தக்க மருத்துவத்தால் நீங்குமென்றும் இக்காலத்து மருத்துவர் கூறுவர். அக்காலத்தார் அறிந்த மருந்து தளையொன்றே.

ஒருநாள், காவலர் அகன்றிருந்த வேளையில், கர்த்தர் ஊதாநிறப் பட்டுடுத்துத் தம் கட்டிலருகே அமர்ந்து அன்புடன் பேசக் கண்டதாக அம்மையார் உரைப்பர். அறிவு தெளிந்தது. தெளிந்தவுடன் அவர் கேட்டது உக்கிராண அறையின் திறவுகோலை. முன்போலத் தாமே சென்று உணவெடுத்து உண்ண விரும்பினார். பணிப்பெண்களும் காவலரும், உள்ளதையெல்லாம் வாரிக் கொடுத்துவிடுவாரென்று தடுத்தனர். ஜான் கெம்போ மனமிரங்கித் திறவுகோலைக் கொடுக்கப் பணித்தார். எட்டுத் திங்களளவு கட்டுண்டு கிடந்தவரை மீண்டும் இல்லத்தலைவியாக்கியது இச்சிறு செயலே என்பது என் கருத்து. அக்கணவருடைய பெருமைக்கு இஃதொன்றே சாலும்.

அதன்பின் அம்மையார் மதுவடிக்கும் தொழில் செய்து நட்டமடைந்தார். குதிரை பூட்டிய மாவாலை நடத்தி அதிலும் தோற்றார். மக்கள் பதினால்வரைப் பெற்றார். 1413-இல் புறப்பட்டு எருசலேமுக்குத் திருயாத்திரை சென்றார். ஆலயங்களில் அவர் வாய்விட்டுக் கதறியழுவதைப் பொறாதார் பலர். வேதப்புரட்டர் என்ற ஐயத்தால் விசாரிக்கப்பட்டும் தண்டனையின்றி மீண்டார். எழுதப் படிக்க அறியாராதலின், தம் வரலாற்றைப் பிறர் எழுதச் சொன்னார். 1436-இல் குருவானவர் ஒருவர் அதனைச் செப்பமாக எழுதத் தொடங்கினார். ஆங்கிலத்தில் எழுந்த முதல் தன்வரலாறு இதுவே என்பர். மறைந்துகிடந்த இதன் கையெழுத்துப் பிரதி 1934-இல் ஒரு குடும்பத்தார் மாளிகையில் அகப்பட்டது.

அந்நூலிலுள்ள ஒரு செய்தியை இங்குச் சொல்லாது விடுதல் கூடாது. லின் நகரத்துப் பரிசுத்த மார்கரெட் ஆலயத்தில் ஒருவன் முழந்தாளிட்டுக் கைபிசைந்து நிற்பதை அம்மையார் கண்டு வினவினார். அண்மையிற் பிள்ளைபெற்ற தன் மனைவி சித்தங்கலங்கித் தன்னையும் அயலாரையும் அறியாளாய், அடித்தும் கடித்தும் அலறுகின்றாள் என்றான். தாம் வந்து பார்க்கலாமோ என்று கேட்டு, அவனுடன் சென்றார். பிறரைக் கண்டால் அவர்களைச் சூழப் பேய்கள் நிற்பதாகக் கூவிய அப்பெண், அம்மையாரைக் கண்டதும் தணிந்து பேசினாள். அவரைச் சூழத் தேவதூதர் நிற்கின்றனர் என்றாள். அவள் அலறலைப் பொறாத ஊரார், நகரின் கடைக்கோடியில் ஓர் அறைக்கு அவளைக் கொண்டுபோய்க் கைகால்களை இருப்புச் சங்கிலியாற் பிணித்தனர். அம்மையார் அங்கும் நாள்தோறும் ஒருமுறையேனும் இருமுறையேனும் சென்றார். அவள் சொல்வனவற்றைக் கடியாது கேட்டிருந்தார்; அவளுக்காக ஜெபித்தார். ஒருநாள் அவளுக்கு அறிவு தெளிந்தது. ஏனைத் தாய்மாரைப் போலவே அவளும் ஆலயத்திற்கு அழைத்துவரப்பட்டாள். பிள்ளைபெற்றோர் செலுத்தும் ஸ்தோத்திரத்தைச் செலுத்தினாள்.